மானியம் முடிந்த பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேள்வி, 11 ஜனவரி

சிங்கப்பூரில் எங்கள் வட்டார வசிப்போர் கட்டமைப்பில் (புளோக்வாசிகளே நடத்தும் குழு, முன்பு வசிப்போர் குழு என்பார்கள்) இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். புளோக் கீழே ஒரு தோட்டம், பழுதுபார்க்கும் மூலை ஒன்று, மூத்தோருக்கு வாரம் ஒருமுறை கூட்டுச் சமையல் என்று மூன்று யோசனைகள். பணம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஆனால் இதே இடத்தில் முன்பு ஒரு தோட்டம் இருந்து, மானியம் தீர்ந்ததும் படுத்துவிட்டதாம். "நீடித்த சமூக மேம்பாடு" என்பது விண்ணப்பப் படிவத்துக்காக மட்டும் எழுதுவதுதானா? அடுக்குமாடிக்கு வருமுன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த காலத்தில் காசே இல்லாமல் எல்லாம் நடந்தது என்கிறார் என் அப்பா. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 12 ஜனவரி, இரவு

மூன்றையும் ஒரே மூச்சில் பேச முடியாது. தோட்டத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்வி: தண்ணீர்க் குழாய்ச் சாவி யாரிடம்?

சிரிக்காதீர்கள். எங்கள் ஈசூன் தோட்டம் முதல் தடவை காய்ந்துபோனது அதனால்தான். வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த தரைத்தளத்தில், உள்ள குழாயைத் திறக்க ஒரு கழற்றுச் சாவி வேண்டும். அது குழுத் தலைவரிடம் இருந்தது. நல்ல மனிதர், ஆனால் ஷிஃப்ட் வேலை. அவர் தூங்கும் நேரத்தில்தான் மற்றவர்களுக்குக் கீழே இறங்க நேரம் கிடைக்கும். மூன்றாவது மாடி மாக்சிக் (மலாய் அத்தை) ஒருவர் அரிசி கழுவிய தண்ணீரைப் பெயின்ட் வாளியில் கொண்டுவந்து தன் செராய் (எலுமிச்சைப்புல்) புதருக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போவார். அது மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சருகு. பிறகு யாரோ சாவிக்கடையில் நாலைந்து நகல் வெட்டி, கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். "தண்ணீர்க் கட்டணம் ஏறும், கார் கழுவுவார்கள்" என்று கூட்டத்தில் ஒரே கூச்சல். ஒருவர் கார் கழுவத்தான் செய்தார். அவரையே செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றும் ஆளாகப் போட்டுவிட்டார்கள். இன்றுவரை செவ்வாய் தவறுவதில்லை.

இரண்டாவது, என்ன செடி என்று முடிவு செய்தது யார்? எங்களுக்கு முதலில் ஒரு குத்தகையாளர் வந்து பூச்செடிகளை வரிசையாக நட்டுவிட்டுப் போனார். திறப்பு விழா, புகைப்படம், பொட்டலச் சாப்பாடு எல்லாம் ஆயிற்று. மறுவாரம் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் செடிகள் போனபின் ஆளாளுக்குக் கொண்டுவந்தவை: கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய், லெங்குவாஸ் (இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு), வெண்டை, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த மாதிரி தெரிகிற ஒரு முருங்கைக் குச்சி. பார்க்க அலங்கோலம்தான். ஆனால் மாலையில் ஆள் இருக்கும்.

13 ஜனவரி

நேற்று எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் கம்யூனிட்டி இன் புளூம் என்ற சமூகத் தோட்டத் திட்டத்தை 2005இல் தொடங்கியது. இப்போது 2,000க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. அதனால் நீங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பக்கத்து வட்டாரத்துத் தோட்டத்துக்குப் போய், சட்டையில் மண் ஒட்டிய ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேளுங்கள். பொறுப்பாளரைக் கேட்டால் விருது கிடைத்த கதையைச் சொல்வார்.

15 ஜனவரி

மேலே ஒருவர் வசிப்போர் குழுக்கள் 1960இலிருந்தே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். 1960 ஜூலை 1 மக்கள் கழகம் பிறந்த நாள், சமூக மன்றங்களை நடத்தும் அரசு அமைப்பு அது. வசிப்போர் குழுக்கள் 1978இல்தான் வந்தன. இந்த இடைவெளி முக்கியம். கம்பங்களிலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை என்பதால்தான் அப்படி ஒரு குழு தேவைப்பட்டது. அதாவது அக்கம்பக்கம் என்பதை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் அப்பா சொன்னதற்கு வருகிறேன். கோத்தோங் ரோயோங், அதாவது கூடி உழைப்பது, பொய்யில்லை. கம்பத்தில் கூரை வேய, கல்யாணத்துக்குச் சமைக்க எல்லாரும் கூடினார்கள். 1950களில் கம்பங்களில் தொண்டூழியத் தீயணைப்புக் குழுக்களே இருந்தன. ஏன் இருந்தன? அத்தாப்பு, அதாவது ஓலைக் கூரை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். பக்கத்து வீடு எரிந்தால் அடுத்தது நம் வீடு என்ற பயத்தில் வாளி தூக்கியவர்களை, பெரிய மனசுக்காரர்கள் என்று மட்டும் சொல்லி நாம் ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய மனசு இன்றும் இருக்கிறது. அன்று வேறு வழி இல்லை, அதுதான் வித்தியாசம்.

இன்று குழாயில் தண்ணீர், மின்தூக்கி, மாதாமாதம் நகர மன்றத்துக்குப் பராமரிப்புக் கட்டணம். தாழ்வாரத்தில் விளக்கு எரியவில்லையென்றால் போன் போட்டால் ஆள் வருவார். அப்படியிருக்க அக்கம்பக்கத்தார் சேர்ந்தால்தான் நடக்கும் என்று என்ன மிச்சம் இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் நிறையவே இருக்கிறது. தனியாக இருக்கும் கிழவர் காலையில் கதவைத் திறந்தாரா என்று பார்ப்பது. பள்ளி விட்டு வந்து, அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை கீழே சுற்றும் பிள்ளைகள். பழைய மின்விசிறியைத் தூக்கிப் போடாமல் பழுதுபார்ப்பது. அப்புறம், கறிவேப்பிலை.

15 ஜனவரி, சற்றுப் பிறகு

கறிவேப்பிலை விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

19 ஜனவரி

சமூகப் பணி படிக்கும் ஒரு தம்பி, கோட்பாடு எதுவும் இல்லாமல் கதை அளக்கிறேன் என்கிறார். சரி.

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடிப்படிகளில் மக்களை ஆட்டுவிப்பது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. மேலே போகப் போகக் கூட்டாண்மை, அதிகாரத்தைக் கையளிப்பது, உச்சியில் மக்களே நடத்துவது. நான் பார்த்த கூட்டங்களில் பெரும்பாலானவை கருத்துக் கேட்கும் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். அங்கே காற்று நன்றாக வரும் போல.

இன்னொன்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கிரெட்ஸ்மன், மெக்நைட் இருவரும் 1993இல் எழுதிப் பரப்பிய அணுகுமுறை. ஒரு வட்டாரத்தில் என்ன குறை என்று பட்டியல் போடாமல், என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவது. இங்கே சமூக சேவை அமைப்புகளில் அதற்கு நல்ல செல்வாக்கு. எனக்கும் பிடிக்கும். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? நான் முன்பு வேலை பார்த்த ஓர் அமைப்பில் பெரிய தாளில் வட்டாரப் படம் வரைந்து மஞ்சள் துண்டுகளை ஒட்டினோம். "ஏழாவது மாடி ஆன்ட்டி, மீன் கறியில் கெட்டிக்காரர்." "பன்னிரண்டாவது மாடி அங்கிள், மின்வேலை தெரியும்." படம் ஆண்டறிக்கையில் அழகாக வந்தது. ஆன்ட்டியிடம் மீன் கறி வைக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சிக்கு வழக்கம்போல வெளியிலிருந்து பொட்டலச் சாப்பாடு. கேட்டால், உணவுப் பாதுகாப்பு, காப்புறுதி, கொள்முதல் விதி.

தம்பிக்குச் சொல்ல வருவது இதுதான். அந்த ஏணியிலோ வரைபடத்திலோ கோளாறில்லை. ஆன்ட்டியிடம் பணத்தைக் கொடுத்து "நீங்களே சமைத்துப் போடுங்கள்" என்று சொல்ல அந்த அலுவலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை. கோளாறு அங்கே.

20 ஜனவரி

இல்லை, அந்த அமைப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். மீன் கறி ஆன்ட்டியின் மாடி எண்ணையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். தேட வேண்டாம்.

24 ஜனவரி

பழுதுபார்க்கும் மூலை பற்றி. ரிப்பேர் கோப்பித்தியாம் 2014இலிருந்து நடக்கிறது, போய்ப் பாருங்கள். உடைந்த பொருளைக் கொடுத்துவிட்டு ஓடிவிட முடியாது. கொண்டுவந்தவரே தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணியைக் கழற்ற வேண்டும். இலவசச் சேவை என்று அறிவித்துவிட்டால் வரிசை நீளும், பழுதுபார்ப்பவர்கள் களைத்துப்போவார்கள், நான்கு மாதத்தில் கடை மூடும். கற்றுக்கொள்ளும் இடம் என்று வைத்தால் இன்று ரைஸ் குக்கர் கொண்டுவந்தவர்களில் ஒருவராவது அடுத்த வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவார். ஆள் சேர்க்கத் தனிச் செலவு இல்லை.

27 ஜனவரி

பணம் பற்றிப் பேசாமல் ஒழுக்கம் பற்றியே பேசுகிறோம் என்று ஒருவர் குத்தியிருக்கிறார். நியாயம்.

நம் சமூகத்தில் மிக நீண்ட நாள் நிற்கும் நிதி ஏற்பாட்டைச் சம்பளச் சீட்டில் பாருங்கள். இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா 1991இல் தொடங்கியது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதப் பிடித்தம். 2015 ஜனவரியிலிருந்து உள்ள விகிதப்படி ஆயிரம் வெள்ளி (டாலர்) வரை சம்பாதிப்பவருக்கு ஒரு வெள்ளி, 15,000க்கு மேல் போனால் 30 வெள்ளி. வேண்டாமென்றால் படிவம் நிரப்பி விலகிக்கொள்ளலாம். துணைப்பாட வகுப்பு, குடும்ப உதவி எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சில்லறைதான் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பெரிய கொடையாளர் மனம் மாறினால் இது ஆட்டம் காணாது.

அதற்கும் முன்னால் 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டியபோதும் ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். நாலு செட்டியார்களிடம் கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமே என்று தோன்றலாம். ஆனால் ஒரு வெள்ளி கொடுத்தவன் நாளைக்கு "என் பணம் என்ன ஆயிற்று" என்று கேட்பான். நூலகம், துறை என்றால் அப்படிக் கேட்கிற கூட்டம் பின்னால் இருக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? மாதம் இரண்டு வெள்ளி வசூலியுங்கள். விதைக்கும் உரத்துக்கும் அது போதும். மானியத்தைத் தொட்டி, வேலி, குழாய் என்று ஒரே தடவை வாங்குகிற சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வரும் செலவு எதையும் மானியத்தில் மாட்டிவிடாதீர்கள். நான் பார்த்தவரை படுத்துப்போன திட்டங்களில் முக்கால்வாசி அங்கேதான் படுத்தன.

2 பிப்ரவரி

இரண்டு வெள்ளி பற்றி எழுதியது முதல் மனம் சரியில்லை.

சொந்த வீட்டுக்காரர்கள் இருக்கும் புளோக்கில் அது சரி. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு வாடகை வீடுகளில்? இரவு முழுக்க அலுவலகக் கட்டடம் துடைத்துவிட்டு விடியற்காலை வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும் அம்மாவிடம், "அக்கா, சமூகம் தன் காலில் நிற்க வேண்டும், சனிக்கிழமை தொண்டூழியம் செய்ய வாங்க" என்று கதவைத் தட்டுகிறவர் யார்? வாடகை வீட்டு வட்டாரங்களில் நானே தட்டியிருக்கிறேன், வேலை அது. கதவிடுக்கு வழியாக அவர்கள் பார்க்கும் பார்வைக்குப் பதில் எந்தப் பயிலரங்கிலும் சொல்லித் தருவதில்லை. கொண்டோமினியத்தில், தனியார் அடுக்குமாடியில், இருப்பவர்களிடம் யாரும் சுயசார்பு பற்றிப் பேசுவது கிடையாது. அங்கே தோட்டக்காரருக்குச் சம்பளம் போகிறது, முடிந்தது கதை. ஏழைகள் மட்டும் சமூகமாக இருந்து காட்ட வேண்டுமாம்.

அதனால் இப்போது நான் சொல்வது: வாடகை வீட்டுப் புளோக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருந்தால், அங்கே குடியிருக்கும் ஒருவருக்கே மணிக்கூலி கொடுங்கள். வெளியிலிருந்து வரும் ஒருங்கிணைப்பாளருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதி போதும். கூலி வாங்கினால் தொண்டூழிய மனப்பான்மை கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் அநேகமாக மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசின் கம்லிங்க் பிளஸ் மாதிரித் திட்டங்களில் குடும்பத்தோடு ஒரு பயிற்றுநர் தொடர்ந்து கூடவே வருகிறார். பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தால், நிலையான வேலையில் இருந்தால், கடனை அடைத்தால் அரசாங்கமும் பணம் சேர்க்கிறது. அந்தப் பணப் பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. உபதேசத்தோடு மட்டும் நின்றிருந்தால் பிடித்திருக்காது.

9 பிப்ரவரி

"அப்படியானால் எது நீடித்தது என்று எப்படி அளப்பது?" என்று தம்பி மறுபடி.

லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்று ஒன்று. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008இலிருந்து நடத்துகிறது. வேலையில் அடிபட்டோ சம்பளம் வராமலோ வழக்கு முடியும்வரை வேலையில்லாமல் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு. நம் ஊர்ப் பையன்களும் வங்காளதேசத்துப் பையன்களும்தான் அதிகம். பணம் நன்கொடையில் வருகிறது. சாப்பிடுகிறவர் ஒரு காசு தர முடியாது. எந்தப் படிவத்தின்படியும் இது "நீடிக்காத" திட்டம். ஆனால் நீடிக்கிறது. இது இன்னும் இருபது வருடம் நடந்தால் கொண்டாடலாமா? காயப்பட்டவருக்கு இழப்பீடும் சம்பளமும் சீக்கிரம் கிடைத்து, இடையில் வேறு வேலைக்கும் போக முடிந்தால் அந்தப் பந்தியே தேவையில்லை. மூடினால் தோல்வி, நடந்தால் வெற்றி என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

கொவிட் சமயத்தில் எங்கள் புளோக்கில் கிழவர்களுக்கு மளிகை வாங்கித்தர ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இப்போது அதில் பொங்கல் வாழ்த்தும், யாரோ அனுப்பும் மூட்டுவலி எண்ணெய் விளம்பரமும் மட்டும். ஒருவர் அதை "உயிர்ப்பிக்க வேண்டும்" என்று திட்டம் எழுதினார். எதற்கு? வேலை முடிந்தது.

14 பிப்ரவரி

பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பிவிட்டது. எதிர்பார்த்ததுதான். சிங்கப்பூரிலிருந்து சொந்த ஊருக்குக் குளம் வெட்ட, நூலகம் கட்டப் பணம் அனுப்புவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் "சிங்கப்பூர் வாழ் மக்கள் உபயம்" என்று பளிங்கில் பொறித்த படிப்பகம் இருக்கிறது. பூட்டு நல்ல பூட்டு. சித்தப்பா மகனிடம் போனில் கேட்டால், "நீங்க கட்டினது, நீங்கதான் வந்து திறக்கணும்" என்கிறான். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் அங்கே நினைக்கிறார்கள்.

தமிழ்நாட்டு அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்தப் பங்கை நாம் இங்கிருந்து முழுதாக அனுப்பிவிட்டால் விதியின் உயிர் போய்விடும். அங்கேயும் கொஞ்சம் வசூல் ஆகட்டும், உழைப்பாக வந்தாலும் சரி.

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். யாராவது காற்றாலையை உபயமாகக் கொடுத்திருந்தால் முதல் பழுதிலேயே கொடையாளருக்குக் கடிதம் போயிருக்கும். தவணை கட்ட வேண்டியிருந்ததால் ஒருநாள் ஓடாவிட்டாலும் ஊராட்சிக்குத் தெரியும்.

18 பிப்ரவரி

சீனப் புத்தாண்டு விடுமுறை, தோட்டத்துக்காரர்கள் கவனத்துக்கு. பூவாளியைக் கவிழ்த்து வையுங்கள், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். எல்லாரும் உறவினர் வீட்டில் ஆரஞ்சு கொடுத்துக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் சோதனைக்கு வருகிறவர்கள் கொசுப் புழு கண்டுபிடிப்பார்கள். தோட்டத்தை மூட வைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உரக்குழி நாற்றத்தைப் பற்றிய புகார் இரண்டாவது சுலபமான வழி.

21 பிப்ரவரி

சொன்னபடி கறிவேப்பிலை.

எங்கள் மரம் பெரிதாக வளர்ந்ததும் பொங்கலுக்கு முந்தைய இரவு யாரோ கிளையோடு ஒடித்து மொட்டையடித்துவிட்டார்கள். உடனே ஒருவர் வேலி என்றார், ஒருவர் கேமரா என்றார். நான்கு மொழியில் "பறிக்காதீர்" பலகையும் வந்தது. பலகை வந்தபின் பகலில் பறித்தவர்கள் இரவில் பறித்தார்கள், அவ்வளவுதான். கடைசியில் வழி சொன்னவர் அந்தச் செராய் மாக்சிக். கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்றுகள் விடும் அல்லவா? அவற்றைப் பெயர்த்துச் சின்னத் தொட்டியில் வைத்து, பறிக்க வருகிறவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றார். தாழ்வாரத்தில் வைத்தால் 1.2 மீட்டர் நடைபாதை விட வேண்டும் என்பது விதி. அதையும் சேர்த்துச் சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது பல மாடிகளில் கறிவேப்பிலை. மரமும் தழைத்துவிட்டது. சாம்பாருக்கு ஒரு கொத்துப் பறிக்க இறங்கி வருகிறவர்கள் இரண்டு களையைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். பலகையைக் கழற்ற மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை.

இதை எந்தத் திட்ட அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தம்பி சொல்லட்டும்.

1 மார்ச்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பணம் வந்துவிட்டது, சனிக்கிழமை முதல் கூட்டம், சமையலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்று குறை.

மரின் பரேட்டில் மான்ஃபோர்ட் கேர் என்ற சமூக சேவை அமைப்பு நடத்தும் குட்லைஃப் மக்கான் சமையற்கூடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். தனியாக வாழும் மூத்தோர் தாங்களே காய் நறுக்கி, சமைத்து, சேர்ந்து சாப்பிடுகிறார்கள். யாரோ பரிமாற, வாங்கிச் சாப்பிட்டுப் போகும் இடமில்லை அது. தனியாக இருப்பவருக்குப் பசியைவிட, யாருக்காகச் சமைப்பது என்பதுதான் பிரச்சினை.

உங்கள் வட்டாரத்தில் மலாய்க்கார மூத்தோர் வருவார்கள், சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டிகளும் வருவார்கள். பாத்திரத் தகராறு முதல் வாரமே கிளம்பும். ஹலால் ஒரு செட், சைவம் ஒரு செட், கழுவும் பஞ்சு உட்படத் தனித்தனியாக, வேறு வேறு நிறத்தில் வாங்கி வையுங்கள். எந்த நிறம் எதற்கு என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். கொஞ்சம் சண்டை போடுவார்கள், போடட்டும். மானியத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். டி-சட்டை அச்சடிக்க யாராவது சொன்னால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுங்கள்.